மடிக்கணினிக்கு நினைவு தப்பியதா? நமக்கா?



இன்று இலக்கணமும் இல்லை, இலக்கியமும் இல்லை. நம் எல்லாருடைய மேசைமீதும் அமர்ந்திருக்கும் மடிக்கணினியைப் பற்றிப் பேசப்போகிறேன். கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். பொறுத்தருள்க. அந்தக் கடுமையில் பாதி என்னை நோக்கியது.

2024ஆம் ஆண்டின் நடுவில், எங்கள் பள்ளியில் முதலாம் ஆண்டுக்குக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய சொந்த மடிக்கணினி அடிக்கடி உறைந்து போகிறது. சில வேளைகளில் நீலத்திரை தோன்றித் தானாக அணைந்து மீண்டும் எழுகிறது என்றார். நான் அப்பொழுது பயிற்சி நூல்களைத் திருத்திக் கொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “மெமரி நிரம்பியிருக்கும் டீச்சர். படங்களை எல்லாம் அழித்துப் பாருங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் கடையில் கொடுத்து பார்மெட் செய்துவிடுங்கள்” என்றேன்.

அவர் என் சொல்லை நம்பினார். முதலில் படங்களை அழித்தார். கணினி உறைவது நிற்கவில்லை. பிறகு பட்டணத்தில் உள்ள ஒரு கடையில் கொடுத்தார். அங்கே திறந்து பார்க்கவில்லை, சோதிக்கவில்லை. ‘வைரஸ்’ என்றார்கள், பார்மெட் செய்தார்கள், 80 வெள்ளி வாங்கிக் கொண்டார்கள். பதினொரு நாள் கழித்து மீண்டும் நீலத்திரை. மறுபடியும் கொண்டுபோனால், “மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்கிக் கொள்ளுங்கள்” என்று விடை வந்தது.

போனது மதர்போர்டு அன்று. போனது அவருடைய ஒன்பது ஆண்டு உழைப்பு. எழுத்து அறிமுகத்திற்காகத் தம் கையால் வரைந்து வருடிய பட அட்டைகள், நாள் பாடத்திட்டங்கள், பயிற்றித் தாள்கள், ஆண்டுதோறும் தம் மாணவர்கள் முதன்முதலாக ‘அம்மா’ என்று எழுதிய தாளின் படங்கள். அவற்றுக்கு வேறு எங்கும் படி இல்லை.

குற்ற உணர்ச்சியோடு அந்தக் கணினியை வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போனேன். அடிமூடியைத் திறந்தேன். உள்ளே 4 ஜிகாபைட்டு நினைவகத் தகடுகள் இரண்டு. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றொன்றைச் சோதித்தேன், பழுதில்லை. அதை எடுத்துவிட்டு முதல் தகட்டை அதே இடத்தில் பொருத்திச் சோதித்தேன். சில நிமிடங்களில் திரை முழுதும் சிவப்பு வரிகள். அந்தத் தகடு கெட்டிருந்தது. அவ்வளவுதான். அதற்கு மாற்றாக 8 ஜிகாபைட்டுத் தகடு ஒன்று அன்றைக்கு 100 வெள்ளிக்கும் குறைவாகவே கிடைத்தது. அந்த மடிக்கணினி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பது ஆண்டு உழைப்பு மட்டும் திரும்பவில்லை.

இப்பொழுது சொல்லுங்கள். நினைவு தப்பியது கணினிக்கா? நமக்கா?

ஒரு சொல் செய்த கேடு

கடைக்காரரைத் திட்டிவிட்டு நான் தப்பித்துக் கொள்ளலாம். ஆனால் முதல் தவறு கடையில் நடக்கவில்லை. ஆசிரியர் அறையில், ஒரு தமிழாசிரியனின் வாயில் நடந்தது. ‘மெமரி’ என்று சொன்னேனே, அதுதான் அந்தத் தவறு.

நாம் எதையெல்லாம் ‘மெமரி’ என்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கைப்பேசியில் படங்கள் நிறைந்தாலும் ‘மெமரி ஃபுல்’. வன்தட்டில் இடம் போதாவிட்டாலும் ‘மெமரி ஃபுல்’. கணினி ஆமைபோல நகர்ந்தாலும் ‘மெமரி பத்தல’. வேறு வேறு நோய்களுக்கு ஒரே பெயர். பெயர் ஒன்றானால் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது. அழி, இல்லையேல் பார்மெட் செய், இல்லையேல் புதிது வாங்கு.

தமிழில் இக்குழப்பம் வரவே தேவையில்லை. நம்மிடம் இரண்டு சொற்கள் தனித்தனியாக இருக்கின்றன. ரேம் எனப்படுவது நினைவகம். வன்தட்டும், எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டும் சேமிப்பகம். வகுப்பறையைக்கொண்டு விளக்கினால் முதலாம் ஆண்டு மாணவனுக்கும் புரியும். நினைவகம் என்பது ஆசிரியரின் மேசை. சேமிப்பகம் என்பது சுவரோரம் நிற்கும் அலமாரி. வேலை செய்யும்பொழுது அலமாரியிலிருந்து நூலை எடுத்து மேசைமீது விரித்துக் கொள்கிறோம். மாலையில் மின்சாரம் நின்றதும் மேசை துடைக்கப்பட்டுவிடும். அலமாரியில் வைத்தது அப்படியே இருக்கும்.

மேசை சிறியதாக இருக்கும்பொழுது அலமாரியில் உள்ள பழைய படங்களை எரித்தால் மேசை பெரிதாகிவிடுமா? ஆகாது. நான் அந்த ஆசிரியைக்குச் சொன்ன அறிவுரை அதுதான். அலமாரி மூச்சுமுட்ட நிறைந்திருந்தால் கணினி மெதுவாகும் என்பது உண்மையே. ஆனால் அது வேறு நோய். அவருடைய அலமாரியில் பாதிக்குமேல் காலி இடம் இருந்தது. நான் கேட்கவே இல்லை.

கலைச்சொல் என்றாலே ‘மேடையில் பேசுவதற்கு’ என்று எண்ணும் நண்பர்கள் நம்மிடையே நிறைய உண்டு. ‘நினைவகம், சேமிப்பகம் என்று சொன்னால் யாருக்குப் புரியும்?’ என்று சிரிப்பார்கள். அவர்களுக்கு நான் பணிவோடு சொல்வது இது. இந்த இரண்டு சொற்களையும் அன்று நான் பிரித்துச் சொல்லியிருந்தால், அந்தப் படங்கள் இன்று இருந்திருக்கும். கலைச்சொல் அணிகலன் அன்று, அது கருவி.

நோயைப் பிரித்தறிவோம்

மருந்து அதிகாரத்தில் வள்ளுவப் பேராசான் மருத்துவனுக்குச் சொன்ன முறை நமக்கெல்லாம் மனப்பாடம். நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியைத் தேர்ந்து, பிறகே செயலில் இறங்கவேண்டும். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம், தேர்வில் கேட்கிறோம். நம் கணினி தடுமாறினால் மட்டும் நேரே கடைசி அடிக்குப் போய்விடுகிறோம்.

நினைவகத்தைச் சார்ந்த நோய்கள் பெரும்பாலும் நான்கு வகை.

முதலாவது, பற்றாக்குறை. மேசை சிறியது, வேலை பெரியது. நினைவகம் போதாதபொழுது விண்டோஸ், சேமிப்பகத்தின் ஒரு பகுதியைத் தற்காலிக மேசையாகப் பயன்படுத்துகிறது. மேசையில் இடமில்லாமல் நூல்களை அலமாரிக்கும் மேசைக்குமாக மாற்றி மாற்றித் தூக்கிக் கொண்டு ஓடுவதுபோல. பழைய சுழல் வன்தட்டு உள்ள கணினியில் இந்த ஓட்டம் மிக மெதுவானது. வட்டின் விளக்கு விடாமல் சிமிட்டும். சுட்டியை அசைத்தால் அரை நிமிடம் கழித்து அசையும். ஆனால் நீலத்திரை பொதுவாக வராது. எப்படியோ வேலை நடக்கும்.

இரண்டாவது, கசிவு. ஏதோ ஒரு மென்பொருள் மேசையில் இடம் பிடித்துக் கொண்டே போகும். முடித்த இடத்தைத் திருப்பித் தராது. காலையில் வேகமாக இருக்கும் கணினி நண்பகலில் தள்ளாடும். அணைத்து எழுப்பினால் மீண்டும் சுறுசுறுப்பாகும். இதுதான் அதன் அடையாளம். குற்றவாளி பெரும்பாலும் உலாவியும் அதில் நாம் சேர்த்துக் கொண்ட நீட்சிகளும். புதிய நினைவகம் வாங்கிப் போட்டாலும் கசிவு அதையும் விழுங்கும்.

மூன்றாவது, தொடர்பு பிசகுதல். தகடு நல்லது, ஆனால் அமரும் இடத்தில் சரியாக அமரவில்லை. கணினி கீழே விழுந்திருக்கலாம். நம் நாட்டின் ஈரக்காற்றும் தூசியும் தொடுமுனைகளில் படிந்திருக்கலாம். பொத்தானை அழுத்தினால் விசிறி சுழலும், விளக்கு எரியும், திரை மட்டும் கருப்பாகவே இருக்கும். சில கணினிகள் விட்டுவிட்டு ஒலி எழுப்பும்; சில விளக்கைச் சிமிட்டிக் காட்டும்.

நான்காவது, பழுது. தகட்டின் ஏதோ ஒரு மூலையில் சில நுண்ணறைகள் கெட்டிருக்கும். அந்த மூலையைத் தொடாதவரை எல்லாம் நன்றாக ஓடும். தொட்டவுடன் உறையும் அல்லது நீலத்திரை வரும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைச் செய்தி வந்தால் நினைவகத்தை ஐயுறுக. நால்வகையிலும் கொடியது இதுவே. ஏனெனில், கெட்ட மேசைமீது வைத்த தாளில் எழுத்து மாறிவிடும். மாறியதை அறியாமலே அதை அலமாரியில் பூட்டி வைத்துவிடுவோம். நாம் சேமித்த மதிப்பெண் பட்டியலும் வினாத்தாளும் சத்தமில்லாமல் சிதைந்து போகும்.

இங்கேதான் ‘முதலில் பார்மெட்’ என்ற மருத்துவம் எவ்வளவு கொடியது என்பது விளங்கும். நினைவகம் பழுதாக இருக்கும்பொழுது விண்டோஸை மறுபடியும் நிறுவினால், அந்தப் புதிய விண்டோஸே பழுதான நினைவகத்தின் வழியாகத்தான் சேமிப்பகத்தில் போய் அமர்கிறது. பிறந்த குழந்தையே நோயோடு பிறக்கிறது. பதினொரு நாளில் நீலத்திரை திரும்பியதில் வியப்பென்ன?

கழற்றாமலே செய்யக்கூடியவை

“நான் தமிழாசிரியர். இதெல்லாம் எனக்கெதற்கு?” என்று கேட்பவர்களுக்காகவே இந்தப் பகுதி. இதற்குத் திருப்புளி தேவையில்லை. அரை மணி நேரமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

1. எதையும் செய்யுமுன் கோப்புகளை வெளியே படியெடுங்கள். புறவட்டு ஒன்றிலும், இணையக் கிடங்கு ஒன்றிலும் என இரண்டு படிகள். பழைய படிகள் இருந்தால் அவற்றின்மீதே புதியதை எழுதாதீர்கள். தனி உறையில் இடுங்கள். பழுதான நினைவகம் படியெடுக்கும்பொழுதும் கோப்பைச் சிதைக்கக்கூடும்.

2. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரி என்பதைச் சொடுக்குங்கள். நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்து வைத்துக் கொண்டு பாருங்கள். 90 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கிறதா? பற்றாக்குறை அல்லது கசிவு. நினைவகம் பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனால் வட்டு மட்டும் 100 விழுக்காட்டில் நிற்கிறதா? அப்படியானால் நோய் நினைவகத்தில் இல்லை; சேமிப்பகத்தில். அதற்கு நினைவகம் வாங்கிப் போடுவது வயிற்றுவலிக்குக் கண்மருந்து இடுவதற்கு ஒப்பாகும்.

3. ப்ராசஸஸ் பகுதியில் மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் விழுங்குபவை மேலே வரும். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். ஒரே மென்பொருளின் எண் ஏறிக்கொண்டே போனால் கசிவைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அதைப் புதுப்பியுங்கள், அல்லது நீக்குங்கள்.

4. கணினி தொடங்கும்பொழுதே தாமாக எழும் மென்பொருள்களை ஸ்டார்ட்டப் பகுதியில் முடக்குங்கள். இரண்டு நச்சுநிரல் காப்புகளை ஒரே கணினியில் வைத்திருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஒரே வாசலுக்கு இரண்டு காவலர் நின்று ஒருவரையொருவர் தடுத்துக் கொண்டிருக்கிறார்கள்.

5. ஐயம் பழுதின்மீது இருந்தால், தேடுபெட்டியில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்பதைத் தேடித் திறந்து, மறுதொடக்கம் செய்யச் சொல்லுங்கள். இதற்குக் காசில்லை, விண்டோஸோடு வருவது. சோதனை ஓடும்பொழுது எஃப்1 விசையை அழுத்தி விரிவான சோதனையைத் தேர்ந்தெடுக்கலாம். முடிவு சில வேளைகளில் திரையில் தோன்றாமல் போகும். அப்பொழுது ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவேட்டைப் பார்த்தால் இருக்கும்.

6. அந்தச் சோதனையில் ஒன்றும் அகப்படாமல், ஐயம் மட்டும் நீங்காமல் இருந்தால் மெம்டெஸ்ட்86+ என்ற கட்டற்ற மென்பொருளை ஒரு விரலியில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடக்குங்கள். இரவு முழுதும் ஓடட்டும். ‘ஒரே ஒரு பிழைதானே’ என்று விட்டுவிடக் கூடாது. நினைவகத்தைப் பொறுத்தவரை ஒரு பிழையும் பிழைதான்.

நீலத்திரை எல்லாமே நினைவகத்தால் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சூடேறுதல், கெட்டுப்போன சேமிப்பகம், பொருந்தாத இயக்கி மென்பொருள் ஆகியவற்றாலும் வரும். சோதனையில் நினைவகம் குற்றமற்றது என்று தெரிந்தால் அதை விடுவித்துவிட்டு அடுத்தவரை விசாரியுங்கள்.

கழற்றத் துணிந்தவர்களுக்கு

பள்ளிக்கு அரசு வழங்கிய கணினியைத் திறக்காதீர்கள். அது பள்ளியின் சொத்துப் பதிவேட்டில் உள்ள பொருள். சோதனை முடிவை எழுதி, பள்ளியின் கணினி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். ‘கணினி கெட்டுவிட்டது’ என்று ஒரு வரியில் எழுதுவதற்கும், ‘நினைவகச் சோதனையில் பிழை கண்டது’ என்று நாள் குறித்து எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு. உத்தரவாதக் காலம் முடியாத சொந்தக் கணினிக்கும் இதே நெறிதான். அடிமூடி வீங்கியிருந்தால் மின்கலம் வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைத் தொடவே கூடாது. உடனே நிறுத்தி வல்லுநரிடம் கொடுங்கள்.

சொந்தக் கணினி, உத்தரவாதம் முடிந்தது என்றால் திறக்கலாம். மின்கம்பியைப் பிடுங்கி, கழற்றக்கூடிய மின்கலமாக இருந்தால் கழற்றி, மின்பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்மின்கலமாக இருந்தால் மூடியைத் திறந்தவுடன் அதன் இணைப்பை முதலில் விடுவியுங்கள். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் போக உலோகப் பொருள் ஒன்றைத் தொடுங்கள். நினைவகத் தகட்டின் இரு பக்கக் கொக்கிகளையும் மெல்ல விலக்கினால் தகடு சாய்வாக எழும்பி நிற்கும். விளிம்பைப் பிடித்து இழுங்கள். பொன்னிறத் தொடுமுனைகளில் விரல் படக்கூடாது.

அந்தத் தொடுமுனைகளை மாணவர்களின் அழிப்பானால் தேய்த்துத் துடைப்பது கடைகளில் நெடுங்கால வழக்கம். பத்துக் காசு மருத்துவம் என்று சிரிக்காதீர்கள். பல கணினிகள் அதனால் எழுந்திருக்கின்றன. ஆனாலும் அழிப்பானின் துகள் உள்ளே விழும், மென்படலமும் தேயும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியே மேல். நன்றாக உலர்ந்த பிறகு, சாய்வாக நுழைத்து, கொக்கிகள் ‘கிளிக்’ என்று பிடிக்கும்வரை அழுத்துங்கள். தொடர்பு பிசகிய நோய் இத்தோடு தீர்ந்துவிடும்.

இரண்டு தகடுகள் இருந்தால், ஒவ்வொன்றையும் தனியாக, ஒரே இடத்தில் வைத்துச் சோதியுங்கள். பிழை தகட்டோடு சேர்ந்து போனால் தகடு கெட்டது. எந்தத் தகட்டை வைத்தாலும் ஓர் இடத்தில் மட்டும் பிழை வந்தால் அந்த இடம் கெட்டது. நாலாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் மாறிகளைப் பற்றி நாம் கற்பிப்பது இதுதானே? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மற்றவற்றை அப்படியே வை. வகுப்பில் சொல்வதை வீட்டில் செய்ய நமக்கென்ன தயக்கம்?

வாங்கும் முன் கேளுங்கள்

பெற்றோர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் சிறப்பாகச் சில சொற்கள்.

புதிய மடிக்கணினி வாங்கும்பொழுது ‘எத்தனை ஜிபி?’ என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். ‘நினைவகம் எத்தனை, சேமிப்பகம் எத்தனை?’ என்று பிரித்துக் கேளுங்கள். விளம்பரத் தாளில் பெரிதாகத் தெரியும் 256 அல்லது 512 சேமிப்பகம். மூலையில் சிறிதாகத் தெரியும் 4 அல்லது 8 நினைவகம். விண்டோஸ் 11 இயங்குவதற்கு மைக்ரோசாஃப்ட் விதித்துள்ள குறைந்தபட்ச நினைவகம் 4 ஜிகாபைட்டு. குறைந்தபட்சம் என்றால் வாசற்படி ஏறலாம் என்று பொருள். கூடத்தில் அமரலாம் என்று பொருளன்று. பாடம் தயாரிப்பதற்கும் இணையவழி வகுப்புக்கும் 8 ஜிகாபைட்டுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள்.

அடுத்து, ‘நினைவகத்தைப் பின்னர் மாற்ற முடியுமா?’ என்று கேளுங்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றிலும், குரோம்புக் வகைகளில் பெரும்பாலானவற்றிலும் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கூட்டவும் முடியாது. கெட்டால் தனியாக மாற்றவும் முடியாது. கையில் உள்ள கணினியில் இதை அறிய, டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியைப் பாருங்கள். சோடிம் என்றிருந்தால் கழற்றக்கூடிய தகடு. ரோ ஆஃப் சிப்ஸ் என்றிருந்தால் பெரும்பாலும் பற்றவைத்தது.

தகடு வாங்குவோர் அதன் தலைமுறையையும் பார்க்கவேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தா. வெட்டுப்பள்ளத்தின் இடமே வேறு. மடிக்கணினித் தகட்டில் டிடிஆர்3க்கு 204 முனைகள், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. பொருந்தாததை அழுத்தி நுழைத்தால் பலகையே உடையும். பழைய 32 பிட் விண்டோஸ் இருந்தால், 8 ஜிகாபைட்டு போட்டாலும் அது 4க்கு மேல் பயன்படுத்தாது என்பதையும் நினைவில் கொள்க.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவடைந்தது. அதைக் காட்டி, ‘நினைவகத்தைக் கூட்டினால் விண்டோஸ் 11 போட்டுவிடலாம்’ என்று சொல்வோர் உண்டு. ஏமாறாதீர்கள். பெரும்பாலான பழைய கணினிகள் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாமல் போவது செயலியாலும் பாதுகாப்புச் சில்லாலும், நினைவகத்தால் அன்று. போதாக்குறைக்கு, 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் தரவு மையங்கள் அவற்றை அள்ளிக் கொண்டன. இத்தகைய காலத்தில் நோயறியாமல் வாங்குவதும் வீண். நல்ல தகட்டைக் குப்பையில் எறிவதும் வீண்.

இது பெருமையின் வினாவும்கூட

நம் தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்கள் பலர் மடிக்கணினியை முதன்முதலாகக் கையில் வாங்கியது 2003ஆம் ஆண்டில். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படவேண்டும் என்ற திட்டத்தோடு அவை வந்தன. அத்திட்டத்தைப் பற்றி நமக்கு இருந்த வருத்தம் வேறு. ஆனால் அன்று முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினியோடு வாழ்ந்தும், அதன் மேசை எது, அலமாரி எது என்று பிரித்துச் சொல்ல நமக்குத் தெரியவில்லை என்றால் அது வருந்தத்தக்கது மட்டுமன்று, வெட்கப்படத்தக்கது.

கணினியில் தமிழ் எழுத வழி செய்தவர்களுள் முன்னவரான முத்து நெடுமாறன் இந்த மலேசிய மண்ணைச் சேர்ந்தவர். 2001ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது. அத்தகைய நாட்டில் இருந்துகொண்டு, ‘நாங்கள் தமிழாசிரியர்கள், எங்களுக்குக் கணினி தெரியாது’ என்று சொல்வது அடக்கமாகாது. அது சோம்பலுக்குக் கட்டிய பட்டுச்சேலை. அந்தச் சேலையை நானும் பல ஆண்டுகள் கட்டியிருந்தேன்.

“எல்லாக் கடைக்காரர்களும் ஏமாற்றுகிறவர்களா?” என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. நேர்மையாகத் திறந்து காட்டி, கெட்ட தகட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிற தம்பிகளையும் நான் அறிவேன். ஆனால் ‘கணினி சரியில்லை’ என்று மட்டும் சொல்லிக் கொடுப்பவருக்கு, நேர்மையான கடைக்காரரும் விரைவான வழியையே தேர்ந்தெடுப்பார். பார்மெட்டுக்கு அரை நாள். சோதனைக்கு ஓர் இரவு. கூலி பார்மெட்டுக்குத்தான். நோயாளி வாய் திறக்காவிட்டால் மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘பார்மெட் செய்யாதீர்கள். முதலில் நினைவகத்தைச் சோதியுங்கள். கெட்ட தகட்டை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்.’ இந்த மூன்று வாக்கியங்களை எழுதிக் கணினியோடு சேர்த்துக் கொடுங்கள். எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

என் வேண்டுகோள் இவ்வளவே. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் இதைக் கற்றுக்கொண்ட ஆசிரியர் ஒருவராவது இருக்கட்டும். சோதனை மென்பொருள் ஏற்றிய விரலி ஒன்றும், சிறு திருப்புளி ஒன்றும் ஆசிரியர் அறையின் இழுப்பறையில் கிடக்கட்டும். மாதத்திற்கு ஒருநாள், பள்ளி முடிந்த பிறகு, எல்லாரும் தத்தம் கோப்புகளைப் படியெடுக்கட்டும். ‘மெமரி’ என்று யாரேனும் சொன்னால், ‘நினைவகமா, சேமிப்பகமா?’ என்று திருப்பிக் கேட்போம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அந்த ஆசிரியை இவ்வாண்டு மீண்டும் பட அட்டைகள் வரையத் தொடங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் புறவட்டில் படியெடுத்துவிட்டு என் மேசைப்பக்கம் வந்து, “எடுத்துவிட்டேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போவார். என்னைக் குத்திக்காட்ட அவர் அப்படிச் சொல்வதில்லை. இருந்தாலும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்குக் குத்துகிறது. குத்தட்டும். அந்த நினைவு எனக்குத் தப்பாமல் இருக்கவேண்டும்.

சிந்திப்போம்! சோதிப்போம்! பிறகே செலவழிப்போம்!

அன்புடன்,
உங்களில் ஒருவனான தமிழாசிரியன்